கோமளம் அனுப்பிய பாடம்

மாமியார் கோமளத்தின் முதல் வருஷத் திதிக்காக, வருஷாப்திகத்துக்காக, பூட்டிக் கிடந்த மயிலாப்பூர் வீட்டுக்குக் கணவன் அச்யுத்தோடு வந்து இறங்கினாள் அனுப்ரியா. கதவைத் திறந்ததுமே சித்தரத்தை வாசனை. பாட்டு டீச்சரான கோமளம் தொண்டைக்காக எப்போதும் வாயில் அடக்கிக்கொள்வது அதைத்தான். ஆள் போய் ஒரு வருஷமான வீட்டில் வாசனை மட்டும் எப்படித் தங்கும்?

அச்யுத் உள்ளே ஜன்னல்களைத் திறக்கப் போனான். அவள் போன் சிணுங்கியது.

'கோமளத்தின் போனிலிருந்து ஒரு புதிய ஆடியோ சேர்ந்தது.'

அந்தப் போன் சார்ஜ் செத்து அலமாரிக்குள் கிடக்கிறது.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே கிளவுட் கணக்கு. இடம் நிரம்பிவிட்டது என்று அது நச்சரித்தபோது, தன் ஊட்டி வீடியோக்களுக்கு இடம் பண்ண, மாமியார் பதிந்து வைத்த பாடங்களை மொத்தமாக அழித்தவள் அனுப்ரியா. தெரிந்தேதான் அழித்தாள். ஒரு போனில் அழித்தால் எல்லாவற்றிலும் போய்விடும் என்பது கோமளத்துக்குத் தெரியாது. "நான்தான் எதையோ அமுக்கித் தொலைச்சுட்டேன்டி" என்று சிஷ்யைகள் ஒவ்வொருத்தரிடமும் மன்னிப்புக் கேட்டாள். வாயில் கொழுக்கட்டை அடைத்தவள் போலப் பக்கத்திலேயே காபி ஆற்றினாள் அனுப்ரியா. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசும்.

சத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஆடியோவைத் தொட்டாள். முதலில் தம்புரா. பிறகு அந்தக் குரல்.

"எங்கே, சொல்லு. நான் வேணும்னுதான் அழிச்சேன்."

மறுபடி வெறும் தம்புரா. கோமளத்தின் பாடமெல்லாம் இப்படித்தான். ஒரு வரி பாடுவாள். சிஷ்யை திருப்பிப் பாட இடம் விடுவாள்.

அனுப்ரியா அழித்தாள்.

திரும்ப வந்தது.

இன்னொரு தடவை அழித்தாள். அச்யுத்தின் பைக்குள், மூடிய லேப்டாப்பிலிருந்து தம்புரா கேட்டது.

"என்ன சத்தம்?" என்று கூடத்துக்கு வந்தான் அவன்.

தம்புரா காத்துக்கொண்டிருந்தது.

"அம்மா பாடங்களை அழிச்சது நான்தான், அச்யுத்." காது மடல் சுட்டது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவமானம் தாங்காமல் அவசரமாகச் சேர்த்தாள்: "தெரியாம கை பட்டுடுத்து."

"போறது விடு. தெரியாமதானே" என்றான்.

தம்புரா நின்றது. அவள் மூச்சு விட்டாள்.

அலமாரிக் கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது.

"தப்பு" என்றது உள்ளிருந்து குரல். "முதல்லேர்ந்து சொல்லு."