ஆறு பத்துக்கு ஒரு மாற்றம்

"அப்பாவை என் தம்பி கொல்லல. அவனை வெளியே கொண்டு வாங்க" என்றாள் ஸ்கைஸ்தே. கோட்டில் ஒட்டியிருந்த பனியைக்கூட அவள் தட்டிவிடவில்லை. பின்னாலேயே அவள் கணவன் எவால்தாஸ் வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். அகன்ற தோள்கள் கொண்டவன். அலெக்சோதாஸ் கூடைப்பந்து அணிக்கு உடம்பு பிடித்துவிடுபவன்.

கௌனாஸ் நகரில் அந்தக் கொலையைப் பேசாத வாய் இல்லை. ஸ்கைஸ்தேயின் அப்பா யெரோனிமாஸ், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், தன் வீட்டுச் சமையலறையில் தலையில் அடிபட்டுக் கிடந்ததைச் சனிக்கிழமை காலையில்தான் பார்த்தார்கள். ஜன்னல் விரியத் திறந்திருந்தது. உடல் குளிரில் விறைத்துப்போனதால், முந்தின நாள் மாலை எத்தனை மணிக்கு உயிர் போனது என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை.

"பிறகு போலீஸ் எப்படி நேரம் குறிச்சாங்க?" என்று கேட்டார் பிரானஸ். இருபது வருடம் போலீஸில் இருந்துவிட்டு, மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வெளியேறி, இப்போது தனியாகத் துப்பறிபவர். எதற்கும் குரல் உயராது.

"மாமா ஆடிட்டிருந்த ஆன்லைன் கூடைப்பந்து விளையாட்டை வச்சுத்தான்" என்றான் எவால்தாஸ்.

பிரானஸ் தனுதேயைத் திரும்பிப் பார்த்தார். அலுவலகக் கோப்புகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. நாற்பத்தாறு வயதில் இந்த விளையாட்டுப் பைத்தியம் பிடித்து, யெரோனிமாஸ் இருந்த அதே குழுவில் அவரைத் தோற்கடிக்கப் படாத பாடு பட்டவள்.

"நிஜ ஆட்டக்காரங்கள்ல பத்துப் பேரைப் பொறுக்கி, நாம ஒரு டீம் வைக்கணும் ஐயா" என்றாள். "அவங்க மைதானத்துல நல்லா ஆடுனா நமக்குப் புள்ளி. கேப்டனா வச்சவனுக்கு ரெட்டைப் புள்ளி. எட்டு மணிக்கு ஆட்டம் தொடங்குற வரைக்கும் ஆளை மாத்தலாம், அப்புறம் பூட்டிடும். வெள்ளிக்கிழமை ஆறு பத்துக்கு அவர் கேப்டனா வச்சிருந்த அலெக்சோதாஸ் ஆட்டக்காரன் மிலுதினைத் தூக்கிட்டு வேற ஆளைப் போட்டிருக்கார்."

"ஆக, ஆறு பத்துக்கு உயிரோட இருந்திருக்கார்."

"ஆறரைக்கு இவ தம்பி லைமோனாஸ் குடிச்சிட்டுப் போய்க் கதவை உதைச்சிருக்கான், பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்திருக்காங்க" என்றான் எவால்தாஸ். "நான் அஞ்சு மணிக்கு மாமாவுக்கு மருந்து கொடுத்துட்டு வந்தேன். நல்லாத்தான் இருந்தார். அஞ்சரையிலிருந்து பத்து வரைக்கும் மைதானத்துல இருந்தேன்."

"கதவே திறக்கலைன்னு தம்பி அழறான்" என்றாள் ஸ்கைஸ்தே. "அவன் குடிகாரன்தான். ஆனா அப்பா மேல கை வைக்க மாட்டான்."

"அந்த விளையாட்டுக்கான பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

"வீட்டுக்கு வர்ற எல்லாருக்கும் தெரியும். மறந்துபோயிடும்னு பிரிட்ஜ் மேல எழுதி ஒட்டியிருந்தார்."

அவர்கள் போனதும் தனுதே வறுத்த கறுப்பு ரொட்டியைக் கடித்தபடி புலம்பினாள். "கிழவருக்கு எப்படித்தான் மூக்குல வேர்த்துச்சோ! அன்னிக்கு மிலுதின் கெண்டைக்கால் பிடிச்சுக்கிட்டு ஆடவே இல்ல. அவனைக் கேப்டனா வச்சு நான் நாசமாப் போனேன். வியாழக்கிழமைகூட, 'திங்கட்கிழமை கிளப் ஆபீஸுக்குப் போறேன், ஒருத்தன் மானம் கப்பலேறப் போகுது'ன்னு குழுவுல எழுதியிருந்தார் பாவம்."

பிரானஸ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "மிலுதின் ஆடமாட்டான்னு செய்தி எத்தனை மணிக்கு வந்துச்சு?"

தனுதே கைப்பேசியைத் தேய்த்துப் பார்த்தாள். ஏழு ஐந்து. மாற்றத்துக்கு ஐம்பத்தைந்து நிமிடம் கழித்து. மூன்று நாளாக அந்த மாற்றத்தைப் பார்த்து வயிறெரிந்தவள், அந்த நேரத்தை ஒருமுறைகூட யோசித்ததில்லை.

மறுநாள் அவள் மைதானத்துக்குப் போய் விசாரித்து வந்தாள். ஐந்து ஐம்பதுக்கு, உடம்பு பிடித்துவிடும் மேசையில் படுத்திருந்தபோதுதான் மிலுதினுக்குக் கால் இழுத்திருக்கிறது. ஆட்டக்காரர் பட்டியல் வரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று பயிற்சியாளர் உத்தரவு போட்டிருக்கிறார். பிரானஸ் பழைய சிநேகிதரான போலீஸ் ஆய்வாளரைப் பார்த்துவிட்டு வந்தார்.

புதன்கிழமை மாலை ஸ்கைஸ்தேயும் எவால்தாஸும் மறுபடி வந்தார்கள். கதவோரம் ஆய்வாளர் நின்றிருந்தார்.

"மிலுதினுக்கு அடிபட்டது தெரிஞ்ச ஆள்தான் அவனைத் தூக்கியிருக்க முடியும்" என்றார் பிரானஸ். "அந்த அறையில இருந்தது நாலு பேர். மிலுதின், பயிற்சியாளர், டாக்டர், அப்புறம் நீங்க."

"நானே மாமாவுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றான் எவால்தாஸ்.

"சொல்லியிருந்தா மறைச்சிருக்க மாட்டீங்க, ஆறு மணிக்கும் அவர் உயிரோட இருந்தார்னு அதுவே தம்பிக்கு எதிரான சாட்சி ஆகியிருக்கும். அதோட, நாலு மணிக்கு மேல அவருக்கு ஒரு அழைப்பும் வரல, ஒரு செய்தியும் வரல. அஞ்சு மணிக்கே அவர் போயிட்டார். நேரம் குழம்பட்டும்னு ஜன்னலைத் திறந்து வச்சீங்க. மைதானத்துக்குப் போய், அவர் உயிரோட இருக்கிறதா காட்ட அவர் டீம்ல ஒரு ஆளை மாத்துனீங்க. மத்த ஒன்பது பேர்ல யாரை மாத்தியிருந்தாலும் நான் உங்களைப் பிடிச்சிருக்க முடியாது."

"அந்த மாற்றம் மைதானத்து இணைப்பிலிருந்துதான் போயிருக்கு" என்றார் ஆய்வாளர். "விளையாட்டு நடத்துறவங்க மத்தியானம் எழுதிக் கொடுத்துட்டாங்க."

எவால்தாஸ் தொப்பியைக் கசக்கினான்.

"யோசிச்சுச் செய்யல" என்றான். "கை தானா அங்கே போச்சு. அடிபட்டவனைக் கேப்டனா விட்டுவைக்க யாருக்கு மனசு வரும்?"

தனக்கும் வந்திருக்காது என்று தனுதேக்குத் தெரிந்தது. அது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அப்பா உனக்கு என்ன பண்ணினார்?" என்று கேட்டாள் ஸ்கைஸ்தே.

"யாருக்கு அடிபட்டிருக்குன்னு பந்தயக்காரங்களுக்கு முன்கூட்டியே சொல்லிட்டிருந்தேன். கண்டுபிடிச்சிட்டார். எவ்வளவோ கெஞ்சினேன். நாப்பது வருஷமா கைதட்டுன அணியை வித்தவன் முகத்துலயே முழிக்க மாட்டேன்னார்."

"அவரைத் தரையில போட்டுட்டு வந்து, அவர் டீம் தோத்துடக் கூடாதுன்னு பார்த்தியா?"

ஆய்வாளர் அவன் தோளைத் தொட்டார். ஸ்கைஸ்தே அழவில்லை. அவள் அழுதிருந்தால் தேவலை என்று தனுதேக்குத் தோன்றியது.

"என் தம்பியை எப்போ விடுவீங்க?" என்று ஆய்வாளரைக் கேட்டாள்.

"எழுத்து வேலை இருக்கும்மா. நாளைக்கு மத்தியானம் ஆகும்."

"காலையில பத்து மணிக்கு அப்பாவை அடக்கம் பண்றோம். அதுக்கு முன்னாடி விட்டுடுங்க. பெட்டி தூக்க ஒரு ஆள் குறையுது. இவன் தூக்கறதா இருந்தது."