புகை டெஸ்ட்டில் ஒரு பிணம்

பிணம் தும்மியது.

ஏட்டு கையிலிருந்த வெள்ளைத் துணியைக் கீழே போட்டுவிட்டு, சத்தமில்லாமல் இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"மேடம்... அது தும்முச்சு."

"கேட்டுது."

"செத்துட்டாருன்னு நான்தான் சொன்னேன்..."

"அதுவும் கேட்டுது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. நாடி பார்க்கத் தெரியாட்டி பரவாயில்ல, போன் பண்ணத் தெரியும்தானே?"

இன்ஸ்பெக்டர் குனிந்து காருக்குள் பார்த்தாள்.

ஓட்டுநர் இருக்கையில் தலை சாய்ந்து கிடந்த மனிதரை ஊரில் தெரியாதவர் கிடையாது. புகைப் பரிசோதனை நிலையத்தின் முதலாளி. நிஜப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவர் புகையண்ணன்.

வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வண்டியும் அவர் வாசலில் வந்து நின்றாக வேண்டும். சட்டம் அப்படி. இந்த வண்டி விடுகிற புகை அளவுக்குள்தான் இருக்கிறது என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் ரோட்டில் ஓடலாம்.

அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு வண்டியைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை.

அந்த ஊரில் பஸ்கள் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடியதற்கு அதுதான் காரணம்.

ஷெட்டுக்கு வெளியே அவருடைய மனைவி டிபன் கேரியரைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு கொண்டுவந்த இடத்தில், மூடின ஷெட்டுக்குள் இன்ஜின் சத்தம் கேட்டிருக்கிறது. ஷட்டரைத் தூக்கிவிட்டு ஓடிப்போய் இன்ஜினை நிறுத்தி, போலீஸுக்குப் போன் செய்திருக்கிறாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு உயிர் இருக்கு" என்றாள் இன்ஸ்பெக்டர்.

அந்த அம்மாள் ஏட்டை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவர் போயிட்டாருன்னாரே?"

ஏட்டு கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆம்புலன்ஸைத் தேடினார்.

* * *

ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்க இடமில்லை. அம்மாக்களின் மடியில் குழந்தைகள். ஒவ்வொரு முகத்திலும் மருந்துப் புகை விடுகிற முகமூடி. இருமல் சத்தம் ஒரு மூலையில் நின்றால் இன்னொரு மூலையில் ஆரம்பித்தது.

இன்ஸ்பெக்டரும் தன் பங்குக்கு இருமிவிட்டு டாக்டர் அறைக்குள் நுழைந்தாள்.

"உயிருக்கு ஆபத்து உண்டா டாக்டர்?"

"ஆபத்தா? காபி ஆறிப்போச்சுன்னு நர்ஸைத் திட்டிட்டிருக்கார்."

"என்ன ஆச்சு அவருக்கு?"

"தூக்க மாத்திரை சாப்பிட்டிருக்கார். ரொம்பக் கொஞ்சம். ரத்தத்துல விஷவாயு அதைவிடக் கொஞ்சம்." டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "அந்தக் கார் புது மாடல். புகையைச் சுத்தம் பண்ற சாதனத்தைப் புகைக்குழாயோடவே வெச்சுத்தான் விக்கணும்னு விதி வந்துச்சே... அது வந்தப்புறம் வாங்கின கார். சம்சாரமும் சீக்கிரம் வந்துட்டாங்க. ரெண்டும் சேர்ந்து காப்பாத்தியிருக்கு. எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் அடிக்காது."

"பழைய வண்டியா இருந்திருந்தா?"

"நீங்க என்னைப் பார்க்க வந்திருக்க மாட்டீங்க. கீழே குளிர் அறைக்குப் போயிருப்பீங்க."

புகையண்ணன் கட்டிலில் படுத்திருந்தார். போலீஸைப் பார்த்ததும் குரல் பாதியாகக் குறைந்தது.

"மேடம்... நானா போய் அந்தக் கார்ல உக்காரல."

"பின்னே?"

"என் வாயால எப்படிச் சொல்றது... சொந்தம் பாருங்க."

"சும்மா சொல்லுங்க. சொந்தக்காரங்க செய்யறதுக்குத்தான் நாங்க ஸ்டேஷனே தொறந்து வெச்சிருக்கோம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என் மச்சினன்தான். காலைல டீ போட்டுக் குடுத்தான். குடிச்சதும் கண்ணைச் சுத்துச்சு. என்னைத் தூக்கிட்டுப் போற மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஒண்ணும் தெரியல."

கால்மாட்டில் நின்றிருந்த மனைவியின் கை கட்டில் கம்பியை இறுகப் பற்றியது.

"என் தம்பியா?" என்றாள்.

"உன் தம்பிதான்."

"அவன் எதுக்குங்க?"

"நேத்து கடையில வெச்சு என்னோட சண்டை போட்டான். நாலு பேர் பார்த்தாங்க. கேட்டுப் பாரு."

* * *

தம்பியின் பையைச் சோதித்தபோது, அதற்குள் தூக்க மாத்திரை அட்டை இருந்தது.

"அது எப்படி வந்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது" என்றான் அவன். ஸ்டேஷன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தான். ஒல்லியான ஆள். விரல் இடுக்கெல்லாம் அச்சு மை.

"தானா நடந்து வந்து ஏறிக்கிச்சு மேடம்" என்றார் ஏட்டு. "மாத்திரைங்களுக்கு இப்பல்லாம் கால் முளைச்சிடுது."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"டீ நீ போட்டியா?"

"தினமும் நான்தான் போடுவேன். இன்னிக்கு டீயைக் குடுத்ததும் மை வாங்கிட்டு வான்னு என்னை வெளியே அனுப்பிட்டார்."

"நேத்து சண்டை?"

"போட்டேன்."

"எதுக்கு?"



"என் பொண்ணுக்கு மூணு வயசு மேடம். மத்தப் பிள்ளைங்க பொம்மையைத் தூக்கிட்டு வரும். இவ அந்த மருந்துப் புகை விடுற மெஷினைத் தூக்கிட்டு வர்றா, 'அப்பா, போடு'ன்னு. முந்தாநாள் மூச்சுத் திணறி உதடெல்லாம் நீலமாயிடுச்சு. டாக்டர் என்னைப் பார்த்து, நீங்க என்ன வேலை பண்றீங்கன்னு கேட்டார்."

"என்ன சொன்னே?"

"சும்மா ஒரு கடையில இருக்கேன்னு சொன்னேன். உண்மையைச் சொல்ல வாய் வரல."

"உங்க கடையில அப்படி என்னதான் நடக்குது?"

"ஒண்ணும் நடக்கறதில்ல மேடம், அதுதான் பிரச்சினை. டெஸ்ட் பண்ற குழாய் வாங்கின பிளாஸ்டிக் உறையோட அப்படியே கிடக்கு. ஏதோ ஒரு நல்ல வண்டியோட அளவு கம்ப்யூட்டர்ல இருக்கு. வர்ற வண்டிக்கெல்லாம் அதையே அச்சடிச்சுக் குடுக்கறோம்."

"லாரிக்குமா?"

"லாரி, பஸ், ஸ்கூட்டர், எல்லாத்துக்கும் ஒரே அளவு. போன மாசம் ஒருத்தர் வண்டியே கொண்டு வரல. போட்டோதான் கொண்டு வந்தார். அதுவும் பாஸ்."

ஏட்டு வேறு பக்கம் திரும்பி இருமினார்.

"மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லப் போறேன்னு மாமாகிட்ட சொன்னேன்" என்றான் தம்பி. "நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. அதுக்குத்தான் சண்டை."

"நாளைக்கு நீ எங்கேயும் போக முடியாது போலிருக்கே."

"தெரியுது மேடம்."

அவன் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் இன்ஸ்பெக்டரை உறுத்தியது.

வாசலில் அவனுடைய அக்கா நின்றிருந்தாள். அழுது முடித்த முகம்.

"ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி. யார் பொய் சொன்னாலும் நஷ்டம் எனக்குத்தான் மேடம்."

"ஒண்ணு கேக்கறேன். சாப்பாடு தினமும் கடைக்கு எடுத்துட்டுப் போவீங்களா?"

"இல்லையே. அவர் வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவார். இன்னிக்கு மட்டும் கொண்டு வான்னு போன் பண்ணினார். லேட் பண்ணிடாதேன்னு மறுபடியும் பண்ணினார்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"ஏட்டய்யா, ஷெட்டுக்குப் போலாம்."

"கேஸ் முடிஞ்சிடுச்சே மேடம்."

"நீங்க முடிச்சதுல ஒண்ணு ஏற்கெனவே தும்மிடுச்சு. வாங்க."

* * *

ஷெட்டில் இரண்டு வண்டிகள் நின்றன.

ஒன்று அந்தப் புதுக் கார். இன்னொன்று அதை ஒட்டி நின்ற ஒரு கிழட்டு வேன். ஊர் ஊராகப் போய்ப் புகை டெஸ்ட் முகாம் நடத்துவதற்காகப் புகையண்ணன் வாங்கியது. பக்கவாட்டில் பெரிய பச்சை எழுத்தில் 'தூய காற்று நம் பிறப்புரிமை' என்று எழுதியிருந்தது. கண்ணாடியில் அவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ். சாவி அதிலேயே தொங்கியது.

"காரைச் சுத்திப் பார்க்க இடமே இல்ல. வேனைக் கொஞ்சம் வெளியே எடுங்க" என்றாள் இன்ஸ்பெக்டர்.

ஏட்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

வேன் உறுமியது. குலுங்கியது. பின்னால் கரேலென்று ஒரு மூட்டை புகையைத் துப்பியது. அடுத்த மூட்டையில் புதுக் கார் மறைந்தது. அதற்கடுத்ததில் ஏட்டு மறைந்தார்.

"நிறுத்துங்க... நிறுத்திட்டு வெளியே வாங்க..."

இருவரும் வாசலுக்கு வந்து விழாத குறையாக நின்றார்கள். ஏட்டின் மீசை, புருவம், சட்டை எல்லாம் ஒரே நிறம். இன்ஸ்பெக்டர் கண்ணில் வழிந்த நீரைத் துடைத்தாள்.

துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"என்ன மேடம், நான் சாகக் கிடந்தேன், நீங்க சிரிக்கறீங்க?"

"ஏட்டய்யா, நீங்க ஒருத்தரைப் புகையில தள்ளிக் கொல்லணும். ரெண்டு வண்டியும் பக்கத்துல பக்கத்துல நிக்குது. எதுல உக்கார வெப்பீங்க?"

ஏட்டு வேனைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபடி வேனைப் பார்த்தார்.

அவர் வாய் மெதுவாகத் திறந்தது.

"நல்ல சட்டை போட்டுட்டு நாளைக்கு வாங்க" என்றாள் இன்ஸ்பெக்டர். "வீடியோ எடுக்கப் போறோம்."

* * *

மறுநாள் காலை.

புகையண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஷெட்டுக்கு வந்தார். தலை சீவி, பவுடர் பூசியிருந்தார். மனைவி ஒதுங்கி நின்றாள். தம்பி இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே நின்றான்.

"சிரமத்துக்கு மன்னிக்கணும் சார்" என்றாள் இன்ஸ்பெக்டர் தேனாக. "உங்க மச்சினன் தப்பிக்கவே கூடாது. சம்பவம் எப்படி நடந்துச்சுன்னு கோர்ட்ல வீடியோ போட்டுக் காட்டிட்டா ஜட்ஜ் அசந்துடுவார்."

"என்ன பண்ணணும் சொல்லுங்க."

"நீங்க வண்டியில உக்காரணும். இன்ஜினைப் போட்டு ஷட்டரைக் கொஞ்ச நேரம் மூடுவோம். பயமா இருக்குமோ?"

"நீதிக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?" புகையண்ணன் காரை நோக்கி நடந்தார்.

"அதுல இல்ல சார். கார் தடயம். லேப்ல இருந்து வந்து பார்க்கற வரைக்கும் தொடக் கூடாது. வேன்ல உக்காருங்க."

புகையண்ணன் நின்றார்.

"வேன்லயா?"

"ஆமா."

"எதுக்கு மேடம் வேன்லாம்... கேமராவுக்குக் கார்தான் எடுப்பா இருக்கும்."

"வேனும் எடுப்பாத்தான் இருக்கு. தூய காற்றுன்னு எழுதி வேற இருக்கு. ஏட்டய்யா, சாவியைப் போடுங்க."

"வேண்டாம் மேடம்." குரல் கீச்சிட்டது. "அதுல முடியாது."

"ஏன் சார்? காருக்கும் வேனுக்கும் சான்றிதழ்ல ஒரே அளவுதான். ரெண்டுலயும் உங்க கையெழுத்து. ரெண்டுல எது சுத்தம்னு படிச்சுப் பார்க்கறவனுக்கு வித்தியாசமே தெரியாது."

"ஐயோ, அந்த வேனுக்குள்ள அடைச்சா ஆள் செத்துடுவான் மேடம்..."



இன்ஸ்பெக்டர் மெதுவாக அவர் அருகில் போனாள்.

"அப்ப, கார்ல உக்காந்தா சாக மாட்டோம்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

புகையண்ணன் வாசல் பக்கம் நகர்ந்தார். ஏட்டு குறுக்கே வந்து நின்றார்.

"கொல்ல வர்றவன் வேனைத்தான் எடுத்திருப்பான். பொழைக்க நினைக்கறவன்தான் காரைத் தேர்ந்தெடுப்பான். தூக்க மாத்திரையைக் கொஞ்சமா நீங்களே முழுங்கிட்டீங்க. மிச்சத்தை மச்சினன் பையில போட்டீங்க. கதவைத் திறக்க சம்சாரத்தை நேரத்துக்கு வரச் சொல்லி ரெண்டு தடவை போன். கொலைமுயற்சி கேஸ்ல உள்ள போனவன் உங்களைப் பத்தி என்ன சொன்னாலும் எவன் நம்புவான்?"

"நான்... சும்மா அவனைக் கொஞ்சம் மிரட்டலாம்னுதான்..."

அதற்கு மேல் அவர் பேச வேண்டியிருக்கவில்லை. மனைவி முன்னால் வந்தாள்.

"என் தம்பியை ஜெயிலுக்கு அனுப்ப, என் கையால ஷட்டரைத் தூக்க வெச்சீங்களா?"

"இல்ல, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"அரை மணி நேரம் நான் தாலி அறுந்த மாதிரி அழுதேன். அந்த அழுகையைத் திருப்பிக் குடுங்க, அப்புறம் பேசுங்க."

அவள் தம்பியின் கையைப் பிடித்தாள்.

"இன்னிக்குத்தானே உன்னை அந்த ஆபீஸுக்கு வரச் சொன்னாங்க? நட. நானும் வர்றேன். வீட்ல நடந்ததையும் சேர்த்துச் சொல்றேன்."

அக்காவும் தம்பியும் தெருவில் இறங்கி நடந்தார்கள். புகையண்ணன் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல்முறையாக நிஜமாகவே செத்தவர் மாதிரி இருந்தார்.

"கிளம்பலாமா சார்?"

ஏட்டு அவரைக் கைத்தாங்கலாக போலீஸ் ஜீப்பின் பின்பக்கம் ஏற்றினார். டிரைவர் சாவியைத் திருகினான். ஜீப் ஒரு முறை செருமியது. பின்கதவுக்கு அடியிலிருந்து கருநீலப் புகை சுருள் சுருளாக உள்ளே ஏறியது.

புகையண்ணன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மேடம், என்ன மேடம் இது... ஸ்டேஷன் போய்ச் சேர்றதுக்குள்ள நான் செத்துடுவேன். இந்த வண்டியை எல்லாம் எப்படி ரோட்ல விட்டாங்க?"

முன்சீட்டில் இருந்த இன்ஸ்பெக்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த சான்றிதழைப் பிய்த்துப் பின்னால் நீட்டினாள்.

"கையெழுத்து உங்களோடதுதானே? நிம்மதியா மூச்சு விடுங்க சார்... வண்டி பாஸ்."