நூற்றுக்கு நூறு வாங்கிய செங்கோடன்

ஈரோடு அடுக்குநகரத்தில் எழுபத்தைந்து தாண்டியவர்களெல்லாம் விடியற்காலையில் டியூஷனுக்குப் போனார்கள். சட்டைக்குப் பட்டன் போடுவது, தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழுவது, சிந்தாமல் டீ ஆற்றுவது, இவைதான் பாடம். தடுமாறியவர்களை வாத்தியார் ஓரமாக நிற்கவைத்துத் திட்டினார்.

எல்லாம் செயலாய்விக்குப் பயந்துதான். தளர்ந்துபோய் வீட்டோடு இருக்கும் முதியவர்களைத் தேடிவந்து, அன்றாட வேலைகளைச் செய்யச் சொல்லிப் பார்க்கும் எந்திரம் அது. தோற்றவர்களைச் சாய்வகத்துக்குக் கொண்டுபோய்விடும் என்று ஊரே சொன்னது. அங்கே படுக்கவைத்துக் குழாய் வழியாகச் சோறூட்டுவார்களாம், திரும்பி வந்தவர் யாருமில்லையாம். அந்தச் சாய்வகத்தைக் கண்ணால் பார்த்தவர் யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பயப்படுவதற்கு அதெல்லாம் வேண்டுமா என்ன?

செங்கோடனுக்குச் சோறே இறங்கவில்லை. லாரி என்ஜினையே பிரித்துப் போட்ட அவர் கைகள் இப்போது டம்ளரைப் பிடித்தால் நடுங்கின.

“என்னைய எங்கியும் அனுப்பிப்போடாத, கண்ணு” என்று மகள் பூங்கோதையிடம் கெஞ்சினார்.

அவள்தான் என்ன செய்வாள், பாவம்! டியூஷனில் திருட்டுத்தனமாக விற்ற நடுக்கமடக்கியை வாங்கி, அவர் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்துவிட்டாள். அரிசியளவுச் சில்லு. கொஞ்ச நேரத்துக்குக் கைகால் நடுங்காது.

“கேட்டா ஒரு கஷ்டமும் இல்லீங்கன்னு சொல்லோணும். வேற வாயே தொறக்கப்படாதுங்கப்பா.”

செயலாய்வி வந்தது. இடுப்புயரம், பானை வயிறு, ரொம்ப மரியாதையான குரல். செங்கோடன் பட்டன் போட்டார், எழுந்தார், டீ ஆற்றினார். அடேயப்பா, ஒரு சொட்டுச் சிந்த வேண்டுமே!

“குளியலறையில் விழுந்துவிடுவோமோ என்ற பயம் உண்டா, ஐயா?”

முந்தாநாள் விழுந்து வீங்கிய முழங்காலை வேட்டியால் மூடிக்கொண்டார் செங்கோடன். “ஒரு கஷ்டமும் இல்லீங்க.”

“முழு மதிப்பெண். வாழ்த்துகள்!” என்றது எந்திரம். பூங்கோதை அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்து அது பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தது. அங்கே தங்காயம்மாள் தனியாக இருந்தார். டியூஷனுக்கெல்லாம் போகாதவர். டம்ளர் விழும் சத்தம் கேட்டது. “என்னால முடியலீங்க சாமி!” என்று அவர் அழுவதும் கேட்டது. பிறகு ஏதோ இயந்திரம் கரகரவென்று ஓடியது.

“ஐயோ, கொண்டு போகுதாட்ட இருக்குது!” என்று பூங்கோதை ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். செங்கோடனும் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

செயலாய்வி சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தது. திறந்திருந்த வயிற்றிலிருந்து கைப்பிடிக் கம்பிகளை எடுத்து, “இந்த உயரம் வசதியாம்மா?” என்று கேட்டுக் கேட்டுப் பொருத்தியது. வழுக்காத விரிப்பு வந்தது, உயரமான இருக்கை வந்தது. கடைசியாக ஒரு குட்டித் துணை எந்திரம் இறங்கி, தங்காயம்மாளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

“அப்ப சாய்வகம்?” பூங்கோதை வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

“அப்படி ஓர் இடமே கிடையாதே, அம்மா. பயமில்லாமல் அவரவர் வீட்டிலேயே இருக்க வழி செய்வதுதான் என் வேலை.”

“எங்கப்பாவுக்கும் ஒரு கம்பி…”

“அவருக்குத்தான் குறையே இல்லையே. ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், இப்போதே செய்துவிடுகிறேன்.”

செங்கோடனின் கை மறுபடி நடுங்கத் தொடங்கியிருந்தது. “நெசத்தைச் சொல்லிப்போடு, அம்மிணி” என்று மகளின் காதருகில் முணுமுணுத்தார்.

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் வராந்தாவில் கூட்டம் கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். “ஏனுங், உங்கப்பா நூத்துக்கு நூறாமா? இந்தத் தளத்துலயே அவருதான் முதலாமா!”

செயலாய்வி பதிலுக்காகக் காத்து நின்றது. பூங்கோதை எந்திரத்தைப் பார்த்தாள், கூடியிருந்த முகங்களைப் பார்த்தாள். அப்பாவை மெல்லத் தங்கள் வீட்டுக்குள் தள்ளி, வெளியிலிருந்து கதவைச் சாத்தினாள்.

“எங்கப்பாவுக்கு என்னங்க, கல்லுக்குண்டாட்ட இருக்கறாரு” என்று சிரித்தாள்.

எந்திரம் வயிற்றை மூடிக்கொண்டு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, லிஃப்டை நோக்கி நகர்ந்தது.