நாடி எண்பத்து நாலு

கட்டைவிரலை எடுத்துவிட்டாள். குழி போகவில்லை.

இதயம் பழுதான ஒருவரின் காலில் நீர் கோத்திருந்தால், அழுத்திய இடம் குழிந்து, கொஞ்ச நேரத்தில் தானாகவே நிரம்பும். பாடம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கணுக்காலுக்கு மேலே அவள் போட்ட குழி பிசைந்த மாவில் விரல் பதித்தது போல அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒரு நிமிடம் பார்த்தாள். இரண்டு நிமிடம் பார்த்தாள். அதன் பக்கத்திலேயே, காலையிலிருந்து வந்துபோன மாணவர்கள் போட்ட குழிகளும் முழங்கால் வரை இருந்தன. ஒன்றுகூட நிரம்பவில்லை. சிலவற்றின் அடியில் மஞ்சளாக என்னவோ கசிந்து தேங்கி, மேலே மெல்லிய ஆடை கட்டியிருந்தது. விரலைக் கோட்டு ஓரத்தில் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் பிசுபிசுத்தது.

“என்ன டாக்டர், காலு பாத்தாச்சா? அப்ப எழுதிக்கோங்க” என்றார் கட்டிலில் சாய்ந்திருந்தவர். “நாடி எண்பத்து நாலு. தாறுமாறாத் துடிக்குது. கழுத்து நரம்பு காது மடல் வரைக்கும் ஏறியிருக்கு. ஈரல் மூணு விரல் வீக்கம். மிட்ரல் வால்வுல கசிவு. அவ்வளவுதான் நம்ம சமாச்சாரம்.”

அவருக்குப் பெயர் இருக்கத்தான் வேண்டும், ஆனால் எல்லோரும் வாத்தியார் என்றே கூப்பிட்டார்கள். இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வு வந்தால், நோய்க்குறிகள் தெளிவாகத் தெரிகிற பழைய நோயாளிகளை வார்டு அண்ணன் தேடிப்பிடித்து அழைத்து வந்து கட்டிலுக்கு ஒருவராகப் படுக்கவைப்பார். மாணவர் தனியாக முப்பது நிமிடம் சோதிக்க வேண்டும். அப்புறம் தேர்வாளர் வந்து கேள்வி கேட்பார். வாத்தியாரின் கட்டில் கிடைத்தவர்கள் காலில் கட்டைவிரலை ஒரு தடவை அழுத்துவதோடு சரி, வேறெதையும் ஒழுங்காகச் சோதிக்க மாட்டார்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, மீதி நேரத்தில் அதை மனப்பாடம் செய்வார்கள். காலையில் சீட்டு எடுத்தபோது வார்டு அண்ணன் அவள் காதருகே குனிந்து சொன்னார்: “உனக்கு யோகம்தான் பாப்பா. நான் வேலைக்குச் சேந்து பதினோரு வருஷம் ஆச்சு. வாத்தியார் சொன்னத எழுதினவங்க ஒருத்தர்கூடத் தோத்ததில்ல.”

அவளுக்கு இது மூன்றாவது முயற்சி. இதுவும் போனால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள். ஆறு வருடப் படிப்பு அதோடு முடிந்தது. முதல் தடவை, தனக்கு முன்னால் போன தோழி சொன்னதை நம்பி, இல்லாத ஈரல் வீக்கத்தை விலாவாரியாக விவரித்தாள். மத்தியானம் கட்டிலில் ஆள் மாறியிருந்தது அவளுக்குத் தெரியாது. தேர்வாளர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. இரண்டாவது தடவை பயத்தில் நாக்கு எழவே இல்லை. இந்த முறை யார் என்ன சொன்னாலும் சரி, தன் கையால் தொட்டு, தன் காதால் கேட்டதை மட்டுமே சொல்வது என்று சபதம் எடுத்திருந்தாள். அம்மா காலையில் போன் செய்து, “உங்க அக்கா மாமியார் கேட்டாங்கடி, இந்தத் தடவ பாஸ்தான்னு சொல்லிட்டேன். என் மானத்த வாங்கிடாத” என்றிருந்தாள். ஆல் தி பெஸ்ட் சொல்லக்கூட அம்மாவுக்கு இப்படித்தான் வரும்.

ஆகவே அவள் பேனாவை மூடி வைத்தாள்.

“நானே ஒரு தடவ பாத்துக்கறேங்க ஐயா” என்றாள்.

வாத்தியார் சிரித்துக்கொண்டே இருந்தார்.

கட்டிலைச் சுற்றிப் பச்சைத் துணித் தடுப்பு. மேலே மின்விசிறி டக், டக் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் எதிலோ இடித்துக்கொண்டது. ஜன்னலில் பிற்பகல் வெயில் அடித்தும் தடுப்புக்குள் குளிர்ந்து கிடந்தது. வந்ததிலிருந்து ஒரு வாடை அவளை விட்டபாடில்லை. பூச்சாடியில் பல நாள் மாற்றாத தண்ணீரின் வாடை. அதை மூடுவதற்கென்றே அப்பியது போல, வாத்தியாரின் கழுத்திலும் மார்பிலும் வெள்ளை வெளேரென்று முகப்பவுடர். வியர்வை பட்டால் பவுடர் திட்டுத் திட்டாகும். இவருடையது ஒரு துளி நனையாமல் சுவரில் அடித்த சுண்ணாம்பு போல உலர்ந்திருந்தது. மூக்கால் மூச்சு விடுவதை நிறுத்தி, வாயால் விட ஆரம்பித்தாள். அப்போது வாடை நாக்கில் வந்து உட்கார்ந்தது.

கையைப் பிடித்தாள். குளிர்ச்சி. இதயம் சரியாக வேலை செய்யாதவர்களுக்குக் கை குளிரும், அதுவும் ஒரு குறிதான், குறித்துக்கொள், என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நகங்கள் நீலம். அதுவும் குறிதான். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து அழுத்தினாள். தோல் அவள் விரல்களோடு சேர்ந்து நகர்ந்தது. கீழே இருக்கும் சதை அங்கேயே நிற்க, மேல்தோல் மட்டும் பெரிய அளவுச் சட்டை போல வழுக்கிப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு விரலை எடுக்காமல் இருந்தாள். நாடி இல்லை. இடம் மாற்றி வைத்தாள். இல்லை. இன்னொரு கை. இல்லை.

“தேடாதீங்க டாக்டர்” என்றார் வாத்தியார், செல்லமாக. “எண்பத்து நாலு.”

கழுத்தைப் பார்த்தாள். காது மடல் வரை ஏறியிருப்பதாக அவர் சொன்ன நரம்பு எங்கும் இல்லை. பவுடருக்கு அடியில் கழுத்து சப்பையாக இருந்தது. வயிற்றில் கை வைத்தாள். வீங்கிய ஈரல் எதுவும் விரலில் தட்டவில்லை. உள்ளே ஏதோ ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கத்துக்கு மெதுவாக, சோம்பலாக நழுவியது. கையை வெடுக்கென்று எடுத்தாள்.

கடைசியில் ஸ்டெத்.

மார்பில் வைத்தாள். காதுக்குள் ஒன்றுமில்லை. ஸ்டெத் கோளாறாக இருக்கும். வட்டத்தை விரலால் தட்டினாள், டொக்கென்று கேட்டது. கோட்டுக்குள் விட்டுத் தன் மார்பில் வைத்தாள். லப் டப், லப் டப், லப் டப். ஓடி வந்தவளின் இதயம் போல அடித்துக்கொண்டது. மறுபடி அவர் மார்பில். ஒன்றுமில்லை. அக்குள் பக்கம். ஒன்றுமில்லை. முதுகில். மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்போதுதான் உறைத்தது. வந்து இருபது நிமிடம் ஆயிற்று. பேசுவதற்கு வாய் திறக்கும்போது தவிர, இவர் மார்பு ஒரு தடவைகூட ஏறி இறங்கவில்லை.

ஸ்டெத்தை எடுக்க வேண்டும். எடுக்க முடியவில்லை. அவருடைய கை அவள் கையின் மேல் இருந்தது.

“என்ன கேக்குது?”

“ஒண்ணும்...”

“சொல்லாதீங்க.”

குளிர்ந்த, ஈரமான கை. கனமே இல்லாத கை.

“இத்தன வருஷத்துல எத்தன பேரு. வருவாங்க, எழுதுவாங்க, போவாங்க. காது வச்சுக் கேட்டது நீங்க ஒருத்தர்தான் டாக்டர்.” அவர் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது போலப் பேசினார். வாயிலிருந்து அந்த வாடை இப்போது மறைக்கப் பவுடர் இல்லாமல் நேராக முகத்தில் அடித்தது. பற்களுக்குப் பின்னால் நாக்கு கறுத்து, வறண்டு, அசையாமல் கிடந்தது. “கேட்டதச் சொன்னீங்கன்னா நானும் போயிடுவேன். நீங்களும் மூட்ட கட்டிக்கிட்டு அம்மாகிட்டப் போயிடுவீங்க. எண்பத்து நாலுன்னு சொல்லிட்டா ரெண்டு பேருக்கும் நல்லது.”

அம்மாவைப் பற்றி அவரிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மணி அடித்தது. தடுப்பு விலகியது.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் உள்ளே வந்தார். வழுக்கைத் தலை, தங்க விளிம்புக் கண்ணாடி, ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் ஸ்டெத் மாலை போலத் தொங்கியது. அவருக்குப் பின்னால் வார்டு அண்ணன் பரீட்சைத் தாள்களை ஏந்திக்கொண்டு நின்றார். அவள் அவர்கள் முகத்தைப் பார்த்தாள். மூக்கைச் சுளிப்பார்கள் என்று காத்திருந்தாள். யாரும் சுளிக்கவில்லை. தேர்வாளரின் முகம் மலர்ந்தது.

“என்ன வாத்தியாரே, என்னைத் தெரியுதா? முப்பது வருஷத்துக்கு முன்னாடி என் பரீட்சைக்கும் நீங்கதான்.”

“தெரியாம என்ன டாக்டர்? நீங்களும் எண்பத்து நாலுன்னுதான் சொன்னீங்க.”

மூவரும் சிரித்தார்கள். அவள் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது வருடம்.

“ஆரம்பிம்மா. நாடியப் பிடிச்சுக்கிட்டே சொல்லு. எவ்வளவு?”

மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தாள். தோல் வழுக்கியது. அடியில் ஒன்றுமில்லை. இல்லை என்று சொல்லலாம். சார், இவருக்கு நாடியே இல்லை, நீங்களே ஸ்டெத்தை வைத்துக் கேளுங்கள், என்று சொல்லலாம். வாத்தியார் எழுந்து உட்கார்ந்து, டாக்டரம்மாவுக்குப் பயம், பாவம், என்பார். மறுபடி அந்தச் சிரிப்பு எழும். தேர்வாளரின் பேனா முனை தாளில் காத்துக்கொண்டிருந்தது. ஆறு வருடம். அக்காவின் மாமியார். அம்மா.

“எண்பத்து நாலு, சார்” என்றாள்.

விரலுக்கு அடியில் ஏதோ புரண்டது.

முதலில் ஒரு புழு நெளிவது போல. அப்புறம் துடிப்பு. ஒன்று. இடைவெளி. இரண்டு, மூன்று. இடைவெளி. தாறுமாறாக.

“ஒழுங்கில்லாம இருக்கு, சார்.”

“வெரி குட். கழுத்து?”

“நரம்பு... காது மடல் வரைக்கும்.”

சொல்லி முடிப்பதற்குள் பவுடர் விரிசல் விட்டது. காறை எலும்புக்கு மேலே கறுப்பாக ஒன்று தலை தூக்கி, கழுத்து வழியாக ஏறி, காது மடலைத் தொட்டு நின்றது. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். வெயிலில் குளிர் காய்பவரின் முகம் அது.

“ஈரல்?”

“மூணு விரல்.”

வயிறு உப்பியது. எங்கோ தோல் பிரியும் மெல்லிய சத்தம். தேர்வாளர் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்.

“கடைசிக் கேள்வி. இதயத் துடிப்பு எங்க தட்டுது? விரல வச்சுக் காட்டு.”

வைத்தாள். இடது மார்புக்கு வெளியே, விலாவின் ஆறாவது இடைவெளி. தோல் ஐஸ் போல இருந்தது.

“இங்க, சார்.”

தட்டியது. ஆனால் துடிப்பு இல்லை அது. உள்ளேயிருந்து, விலா எலும்புகளுக்கு நடுவே, ஒரு கட்டைவிரல். அவள் விரல் நுனிக்கு நேராக. மெதுவாக. நிதானமாக. வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பவர் அழுத்துவது போல அழுத்தியது.

“பிரமாதம். நீ போகலாம்மா. இனி டாக்டர்னே கூப்பிடலாம்.”

எப்படி வெளியே வந்தாள் என்று தெரியாது. தடுப்புக்கு வெளியே இருந்த வாஷ்பேசினில் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்தாள், சோப்பைக் கரைத்துக் கரைத்துக் கையைக் கழுவினாள். வாடை விரலிடுக்கில் இருந்தது, மூக்கில் இருந்தது, தொண்டையில் இருந்தது. பையில் போன் அதிர்ந்தது. அம்மாவாக இருக்கும். பாஸ்மா என்று சொன்னால் அழுதுவிடுவாள். சொல்லிவிடலாம். எல்லாம் முடிந்துவிட்டது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

பின்னால், பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம், அடுத்த மாணவன் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“வணக்கம் ஐயா. கையக் குடுங்க, நாடி பாக்கணும்.”

“இந்தாங்க டாக்டர். இப்ப நல்லாவே கெடைக்கும்.”

போனைப் பிடித்திருந்த அவளுடைய மணிக்கட்டில் குளிர்ந்தது. குனிந்து பார்த்தாள். கட்டைவிரலின் அடிப்பக்கம், நாடி ஓடும் இடத்தில், தோல் தானாக உள்ளே அமுங்கியது. ஒரு குழி. பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் மூன்றாவது.

“ஆமா ஐயா, கெடைக்குது” என்றான் அந்தப் பையன், தடுப்புக்கு உள்ளேயிருந்து. குழிகள் இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கின. அவன் எண்ண ஆரம்பித்தான்.