ஃபியூஸ் போகாத தீ

தையற்காரரின் மனைவி வாசலில் நின்றபடியே அழுதுவிட்டாள்.

"கடையில தீ வச்சான்னு என் தம்பியைப் போலீஸ்ல கொடுக்கப் போறாரு மேடம், என் வீட்டுக்காரரு. நீங்க ஒரு தடவை வந்து பாருங்க."

அவள் தேடி வந்த அம்மாள், மின்விபத்துகளை ஆராய்ந்தே ஓய்வு பெற்றவர். அவர் செருப்பை மாட்டுவதற்குள், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கணவர் தெருமுனைக்கே போய்விட்டார். துப்பு என்றால் அந்த மனிதருக்கு அவ்வளவு ஆசை!

கடையில் பாதித் திரை கருகித் தொங்கியது. அதையொட்டிய சாக்கெட் உருகி வழிந்திருந்தது.

"இஸ்திரிப் பெட்டியைப் போட்டுட்டு உள்ளே சாப்பிடப் போனேன்," என்றார் தையற்காரர். "திரும்பி வந்தா திரை எரியுது, மச்சான் வெளியே ஓடறான். காலையிலதான் எங்களுக்குள்ள வாய்ச்சண்டை. கீழே இது கிடந்துச்சு." அவர் உள்ளங்கையில் ஒரு தீக்குச்சி.

"தண்ணி எடுக்க ஓடினேன் மாமா!" என்றான் மூலையில் நின்ற மச்சான்.

"சும்மா இருடா. கரண்ட்டுக் கோளாறுன்னா ஃபியூஸ் போயிருக்கணுமே? அது குத்துக்கல்லாட்டம் இருக்கு."

"கேஸ் முடிஞ்சுதும்மா," என்று டிரைவர் மனைவியின் காதைக் கடித்தார்.

"கொஞ்சம் பிரேக் போடுங்க," என்ற அம்மாள், மச்சானின் அக்காவிடம் திரும்பினார். "பெட்டி சீக்கிரம் சூடாகுமா?"

"முன்னெல்லாம் கை கழுவறதுக்குள்ள சூடாயிடும். இப்ப சாப்பிட்டு எழுந்தாலும் வெதுவெதுன்னுதான் இருக்கு. அதான் முன்கூட்டியே போட்டுட்டுப் போறாரு."

அம்மாள் குச்சியை வெளிச்சத்தில் பிடித்தார். "பத்தவச்ச குச்சியில முதல்ல எரியறது தலைதானே? இதுல மருந்து முழுசா இருக்கு. வால்தான் கரி. சரி, பெட்டியோட பிளக் எங்கே?"

"உடைஞ்சுபோச்சு. வெறும் ஒயரைச் செருகி, ஆடாம இருக்கத் தீக்குச்சி வச்சு..." தையற்காரர் அம்மாளின் கையிலிருந்த குச்சியை எட்டிப் பார்த்தார்.

மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைக் குடைந்த டிரைவர் கூவினார்: "இதோ, ஜோடிக் குச்சி!"

"ஒயர் சரியாப் பதியலை," என்றார் அம்மாள் நிதானமாக. "கரண்ட்டும் கூட்டம் மாதிரிதான். அகல வாசல்ல போறதைச் சந்துல விட்டா இடிச்சுக்கிட்டுத்தான் போகும். அந்தத் தடையிலதான் சூடு பிறக்குது. பெட்டிக்குள்ளேயும் தடைதான் சூடு தருது; அது நாம வேணும்னு வச்சது. இது வேண்டாத இடத்துல வந்து, பெட்டிக்குச் சேர வேண்டியதைப் பங்கு பிடுங்கிக்கிச்சு. அதான் பெட்டி சுணங்குச்சு, சாக்கெட் வெந்துச்சு."

"அப்போ ஃபியூஸ்?" என்றார் தையற்காரர்.

"கூட்டம் கூடினாத்தான் அதுக்கு வேலை. இங்கே கூடலையே, கொஞ்சம் குறைஞ்சுதான் போச்சு. சாக்கெட் உருகினதும் குச்சி நழுவி விழுந்துச்சு. தீ வச்சவங்க யாருமில்லை."

தையற்காரர் மச்சானின் கையைப் பிடித்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"திரையை வெறுங்கையால இழுத்தியாடா?"

"வேற எதால இழுக்கறது மாமா? கத்தரிக்கோலைத் தொட்டா நீங்க திட்டுவீங்களே."

தையற்காரர் சிரிக்கப் போய் அழுதார். மருந்து தேடி உள்ளே ஓடினார். காலைச் சண்டையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காத அக்காவுக்கு, அந்த நிமிஷம்தான் பசி எடுத்தது. அப்பாடா, என்ன பசி!