வரையாத அறை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குச் சாலைக் கடைத்தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. ஷட்டரெல்லாம் இறங்கிக் கிடந்தது. பால்பாண்டியின் மொத்த வியாபாரக் கடைக்கு மேலே ஒரு பழைய மாடி அறை உண்டு. மிளகாய் வற்றலும் சாக்கும் கலந்த நெடி அங்கே எப்போதும் இருக்கும். அதில்தான் திவ்யலட்சுமியும் கூட்டாளிகளும் ஐந்து வருஷமாக ஞாயிறுதோறும் கூடி ஆடுவார்கள்.

சீட்டாட்டம் இல்லை. ஒரு மேசை, ஒரு வரைபடம், கொஞ்சம் பகடை, ஆளுக்கொரு விரல் நீளப் பொம்மை. மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு கதைக்குள்ளே நடப்பார்கள். கதையை நடத்துவது திவ்யா. அவளுக்குப் பெயர் கேம் மாஸ்டர். முப்பத்தாறு வயதில், டெக்னோபார்க்கில் பத்துப் பேரை மேய்க்கிற பொம்பளைக்கு இந்தப் பொம்மை விளையாட்டு தேவையா என்று கோட்டைக்குள் குடியிருக்கிற சொந்தக்காரர்கள் கேட்காத நாள் இல்லை. அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதும் இல்லை.

பால்பாண்டி பூட்டைத் திறந்துவிட்டுச் சாவியை அவளிடம் நீட்டினான்.

"அஞ்சு மணிக்கு ஷிஜாவையும் கூட்டிக்கிட்டு வந்துருவேன், கேட்டோ. தனியா இருந்துருவியா?"

"இருப்பேன்."

"இன்னைக்கே அதைச் செய்யணுமா திவ்யா? ஒரு வாரம் தள்ளிப் போட்டாத்தான் என்ன?"

"வேண்டாம். முடிச்சுடலாம்."

அவன் சொன்ன 'அது' சுமந்தின் பாத்திரத்தைக் கதையில் சாகடிப்பது. சுமந்த் திவ்யாவின் தம்பி, இந்த மேசையின் மூன்றாவது ஆட்டக்காரன். ஐம்பது நாளைக்கு முன்னால் பைபாஸில் ஒரு லாரி அவனை அடித்துப் போட்டுவிட்டுப் போயிற்று. பதிமூன்று நாள் காரியமும் முடிந்தது. திவ்யா அழவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

மரத்துப்போன அந்த இடத்தின் நடுவில் ஒன்று மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கடைசி ஆட்டத்தன்று சுமந்தின் திருடன் சுரங்கப் பாதையின் கோடியில் ஒரு கதவில் கை வைத்து நின்றான். "திறந்து உள்ளே போறேன் அக்கா," என்றான் சுமந்த். திவ்யாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வாரம் ஆபீஸ் வேலை மென்னியைப் பிடித்ததில், கதவுக்கு அந்தப் பக்கம் அவள் எதையுமே வரைந்திருக்கவில்லை. அவ்வளவு தூரம் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தாள். முழிப்பதை வெளியே காட்டாமல், பெரிய மர்மம் மாதிரி நோட்டை மூடி, "உள்ளே என்னன்னு அடுத்த வாரம் சொல்றேன்," என்றாள். எல்லோரும் கூச்சல் போட்டார்கள். ஆட்டம் ஒரு மணி நேரம் முன்னதாகவே கலைந்தது. சுமந்தும் ஒரு மணி நேரம் முன்னதாகவே பைக்கை எடுத்தான்.

அந்த அறையை வரைந்திருந்தால், அந்த லாரி பைபாஸைக் கடக்கிற நேரத்தில் அவன் இங்கே பகடை உருட்டிக்கொண்டிருப்பான். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வரைபடத்தை விரித்து நான்கு மூலையிலும் கனம் வைத்தாள். போன ஆட்டம் எங்கே நின்றதோ அங்கேயே பொம்மைகளை வைத்தாள். ஷிஜாவின் வைத்தியச்சி, பால்பாண்டியின் வாள்வீரன், கதவுக்கு முன்னால் சுமந்தின் திருடன். கதவுக்கு அப்பால் வெறும் வெள்ளைக் காகிதம்.

மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போயிற்று. மூன்று மணிக்கே அறைக்குள் அந்தி மாதிரி இருட்டு. போனின் டார்ச்சைப் போட்டு ஒரு சொம்பின் மேல் சாய்த்து வைத்தாள்.

ஆட்டத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொருவர் நாற்காலியிலும் போய் உட்காருவாள். "இப்போ என்ன பண்றே?" என்று சத்தமாகக் கேட்பாள். அவர்களாகவே மாறி யோசித்து, வருகிற பதிலை நோட்டில் எழுதுவாள். அதை வைத்துத்தான் மேற்கொண்டு தயார் செய்வாள். பெரும்பாலும் அவள் எழுதியபடியேதான் நடக்கும்.

ஷிஜாவின் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். ஷிஜா நர்ஸ், கதையிலும் அடிபட்டவனைத்தான் முதலில் பார்ப்பாள். எழுதினாள். பால்பாண்டியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் சண்டைக்கு முன்னால் எதிரியிடம் பேரம் பேசுவான். எழுதினாள்.

மூன்றாவது நாற்காலி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். அதைத் தாண்டிப் போயிருக்கலாம். ஆனால் அவனுக்கு மரியாதையான ஒரு சாவு எழுத வேண்டுமென்றால், கடைசியாக அவன் என்ன செய்வான் என்று தெரிய வேண்டும். உட்கார்ந்தாள்.

நாற்காலி சூடாக இருந்தது.

"இப்போ என்ன பண்றேடா?"

மழைச் சத்தம். கீழே எங்கேயோ தகரத்தில் தண்ணீர் சொட்டியது. வரைபடத்தைப் பார்த்தாள்.

திருடன் கதவுக்கு முன்னால் இல்லை.

வெள்ளைக் காகிதத்தின் நடுவில் நின்றான்.

"உள்ளே வந்துட்டேன் அக்கா."

குரல் மேசை மட்டத்திலிருந்து, மெதுவாக வந்தது. பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. மிளகாய் நெடி போய், மழையில் நனைந்த சட்டையின் வாடை அடித்தது.

"எப்போ வந்தே?"

"அன்னிக்கே. நீ உள்ளே என்னன்னு சொல்லவே இல்லையே."

"அங்கே என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. சுவர் இல்லை. தரை இல்லை. ரொம்ப இருட்டு."

ஐம்பது நாள் என்று நினைத்தாள். ஐம்பது நாளாக.

பென்சிலை எடுத்தாள். ஆட்டத்தில் பேசுகிற அதே நிதானமான குரலில் சொல்லிக்கொண்டே வரைந்தாள். "நாலு பக்கமும் சுவர் இருக்கு. கீழே சிவப்பு சிமெண்ட் தரை."

யாரோ ரொம்ப நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டது கேட்டது.

"இடது பக்கம் ஒரு விளக்கு எரியறது."

"ஆமா. தெரியறது."

"ஒரு கட்டில். தலகாணி. ஜன்னல் வழியா சங்குமுகம் கடற்கரை தெரியறது." ஜன்னலுக்கு நாலு கம்பியும் போட்டாள்.

"நன்னா இருக்கு அக்கா." கொஞ்சம் பொறுத்து, "வெளியே போற வழி எங்கே?"

எந்த அறைக்கும் இரண்டு வழி வைக்க வேண்டும். கேம் மாஸ்டர் வேலையில் அது அரிச்சுவடி. ஒரு வழி வந்ததற்கு, ஒன்று மேலே போவதற்கு. பென்சில் முனை எதிர்ச் சுவருக்கு மேலே நின்றது. அங்கே ஒரு கதவு போட்டால் அவன் போய்விடுவான். எங்கே என்று அவளுக்குத் தெரியாது. இந்த மேசையில் இருக்க மாட்டான், அது மட்டும் தெரியும்.

ஐம்பது நாளில் முதல்முறையாக அவளுக்கு ஏதோ ஒன்று தோன்றியது. துக்கம் இல்லை, ஆசை.

பென்சிலைக் கீழே வைத்தாள். ரப்பரை எடுத்தாள். அவன் உள்ளே வந்த கதவை மெதுவாகத் தேய்த்து அழித்தாள். அந்த இடத்தில் இடைவெளி இல்லாமல் சுவரை வரைந்தாள்.

"அக்கா?"

ரப்பர் தூளை ஊதிவிட்டாள்.

"அக்கா, கதவைக் காணோமே."

"கட்டில்ல படுத்துக்கோடா. அடுத்த வாரம் சொல்றேன்."

அப்புறம் வாடை மட்டும் இருந்தது. அவள் வேறு தாளை எடுத்து மற்ற இருவருக்கும் இன்னொரு பாதையை வரைய ஆரம்பித்தாள்.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. கூடவே அவர்களும் வந்தார்கள். சுமந்தின் திருடன் சாகப் போவதில்லை, ஓர் அறையில் பத்திரமாக இருக்கிறான் என்றாள் திவ்யா. ஷிஜா பொசுக்கென்று அழுதுவிட்டாள்.

"நல்லதாச்சு சேச்சி. எனக்கும் மனசே இல்லை."

"பின்னே? நான் அப்பமே சொன்னேன்லா," என்றான் பால்பாண்டி. கண்ணைத் துடைத்துக்கொண்டு பகடையை எடுத்தான். ஆட்டம் நன்றாகவே நடந்தது. இரண்டு தடவை எல்லோரும் சிரித்தார்கள். திவ்யாவும் சிரித்தாள்.

ஏழரைக்குப் பொம்மைகளைப் பெட்டியில் போட்டுவிட்டு, வரைபடத்தைச் சுருட்டப் போன பால்பாண்டி கையை நிறுத்தினான்.

"திவ்யா, இங்க பாரு. எலி சுரண்டியிருக்கு."

ஷிஜா குனிந்து பார்த்தாள். அறையின் எதிர்ச் சுவரில் ஓரிடம் மட்டும் காகிதம் உரிந்து, பென்சில் கோடு நூலாக மெலிந்திருந்தது. பக்கத்தில் கரித்தூள் சின்னக் குவியலாக விழுந்து கிடந்தது.

"எலின்னா வெளிப்பக்கமும் சுரண்டாதா?" என்றாள் ஷிஜா. "இது உள்பக்கமா மட்டும்லா இருக்கு."

"எலிதான்," என்றாள் திவ்யா.

அவர்கள் இறங்கிப் போகிற காலடிச் சத்தம் தேயும்வரை காத்திருந்தாள். பென்சிலைச் சீவினாள். மெலிந்த கோட்டின் மேல் ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை அழுத்திப் போட்டாள்.

நாலாவது தடவை போடுகையில், பென்சில் முனைக்கு அடியில் காகிதம் மெல்ல எழும்பித் தாழ்ந்தது.

அவள் இன்னும் அழுத்திப் போட்டாள்.