தாழிமாடம்

ஜீவாவின் துணி அலமாரி சுட்டது.

சரிதா கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். விடிந்ததிலிருந்து அடைமழை, கரண்ட் இல்லை, தரையெல்லாம் சில்லிட்டுக் கிடக்கிறது. சுவரில் பதித்த இந்த அலமாரியின் கதவு மட்டும் சோறு வடித்த குண்டான் மாதிரி சுட்டது. கூடவே பால் அடிப்பிடித்த வாசனை. அடுப்பை அவள் இன்னும் பற்றவைக்கவே இல்லை.

உள்ளே இருப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மகனின் சட்டைகளுக்குப் பின்னால், வெள்ளைத் துணியால் வாய் கட்டிய சின்ன மண்தாழி. பைக்கில் கிளம்பிய ஜீவா இருபது வயதில் போய்ச் சேர்ந்து பதினோரு நாள் ஆகிறது.

மின்மயானத்தில் அவன் அஸ்தியை வாங்கப்போனபோதுதான் அந்தச் சொல்லைப் பார்த்தாள். சுவர் நிறைய சதுரக் குழிகள், குழிக்கொரு தாழி, கீழே கரிக்கட்டையால் எழுதிய பெயர். மேலே நீலப் பலகையில் 'தாழிமாடம்'.

"அப்படின்னா என்னங்க?" அழுகையை விழுங்கிக்கொள்ளத்தான் கேட்டாள்.

"அஸ்தி குடியிருக்கற ஊடுங்க," என்றார் காவலாளி சுப்பையன். "பழைய பேரு, இப்ப ஆரும் சொல்றதில்லீங்க. தாழிய எங்க குடிவெக்கறமோ அந்த எடத்துக்கெல்லாம் அதே பேருதானுங்க. நேரா பவானிக்குக் கொண்டுபோயிருங்க சாமி. தாழியோட ஊட்டு வாசப்படி மட்டும் தாண்டிராதீங்க. அப்புறம் உங்க ஊடும் தாழிமாடந்தான். மாடம் ஒரு குழியோட நிக்காதுங்க."

பவானி கூடுதுறை வரைக்கும் போனாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தாழியை நீட்டவும் செய்தாள். பெற்ற வயிறு கேட்கவில்லை. துணிப்பைக்குள் மறைத்து மல்லசமுத்திரத்து வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டாள். புருஷனும் இல்லாத வீடு, யார் கேட்கப்போகிறார்கள்? பன்னிரண்டு வயது யாழினியிடம் மட்டும், "அண்ணன ஆத்துல உட்டுட்டு வந்துட்டேன் சாமி," என்று பொய் சொன்னாள். தினமும் மகள் பள்ளிக்கூடம் போனதும் தாழியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இன்று யாழினி போகவில்லை. காய்ச்சலோடு கூடத்தில் பாய்மேல் படுத்திருந்தாள்.

சரிதா கதவைத் திறந்தாள். சட்டைகளை ஒதுக்கினாள். பின்பலகை இருந்த இடத்தில் சுவர் சதுரமாக உள்வாங்கியிருந்தது. அதற்குள் தாழி. கீழே கரியில் 'ஜீவா'.

காரை பொலபொலவென்று உதிர்ந்தது. பக்கத்தில் இன்னொரு குழி. காலி. கீழே 'சரிதா'.

அவளுக்குப் பயம் வரவில்லை. மகன் பக்கத்தில்தானே என்று நெஞ்சு ஆறக்கூடச் செய்தது.

மறுபடியும் காரை உதிர்ந்தது. மூன்றாவது குழி. சின்னது. கீழே யாரும் எழுதாமலே ஒரு கோடு வளைந்தது. 'யா'.

தாழியைப் பிடுங்கி எடுத்தாள். வெளியே கொண்டுபோய்விட வேண்டும். இப்போதே. மழையில், வாசலில், எங்கேயாவது. கைக்குள் அது ஜுரம் வந்த பிள்ளையின் நெற்றிபோல் சுட்டது. சின்ன வயதில் ஜீவாவுக்கு இப்படித்தான் சுடும்.

ஒரே ஒரு தடவை. கடைசியாக. மாரோடு அணைத்துக்கொண்டாள்.

"அம்மா, ஒடம்பெல்லாம் சுடுதும்மா." கூடத்திலிருந்து யாழினி.

"இதோ வாரேன் சாமி."

கை விடவில்லை. விட முடியவில்லை. இன்னும் ஒரு மூச்சு. இன்னும் ஒன்று.

கூடத்தில் யாழினியின் முனகல் நின்றது.

ஓடினாள். பாய்மேல் போர்வை தட்டையாகக் கிடந்தது. தலையணையில் ஒரு பிடி சாம்பல்.

திரும்பி வந்தாள். மூன்றாவது குழியில் ஒரு தாழி இருந்தது. வாயைக் கட்டியிருந்தது நீல ரிப்பன். காலையில் மகளுக்குச் சடை பின்னி அவளே போட்ட முடிச்சு.

"அம்மா," என்றது உள்ளிருந்து. "அண்ணன் இங்கதான் இருக்குது. நீ ஏன் பொய் சொன்ன?"

'சரிதா' என்று எழுதிய நடுக்குழி மட்டும் காலியாகவே இருந்தது.